மண்டபம் கேம்ப்: கடலைக் கணக்கெடுத்தவர்கள்

ராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தை நெருங்கும்போது கடக்கிற சிறு நிலையங்களில் ஒன்றுக்கு 'மண்டபம் கேம்ப்' என்று பெயர். பலகையைப் பார்க்கும் யாத்ரீகர்கள் ஏதோ பழைய ராணுவ முகாம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அது ராணுவம் வைத்த பெயரல்ல, தேயிலை வைத்த பெயர். இலங்கையின் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் பிடித்து அனுப்பிய காலத்தில், அம்மையோ காலராவோ இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொழிலாளர்களை நிறுத்திவைத்த இடம் அது. இந்திய மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே சில நாள் தங்கவைக்கப்பட்டு, பிறகு தனுஷ்கோடி போய், கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கின.

1939-ல் இந்திய அரசு தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்பத் தடை போட்டது. முகாமின் நெரிசல் ஓய்ந்தது. பத்தே ஆண்டில் அங்கே நுண்ணோக்கிகளும் கண்ணாடிக் குடுவைகளும் வந்து இறங்கின. வந்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். மண்டபத்தில் அதைச் 'சி.எம்.எஃப்.ஆர்.ஐ.' என்றே சொல்கிறார்கள்.

முகாமின் பழைய வேலையும் அதோடு முடிந்துவிடவில்லை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு மலையகத்திலிருந்து திரும்பியவர்களும், 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழரும் இங்கேதான் இறங்கினார்கள். அகதிகள் முகாம் இன்றும் இருக்கிறது. அகதிகளும் கடல் ஆய்வும் அருகருகே இருந்து வந்த ஊர் இது.

நிலையம் பிறந்த தேதி 1947 பிப்ரவரி 3. சுதந்திரத்துக்கு ஆறு மாதம் முந்தியது. அதைத் தொடங்கவைத்தது கடல்மேல் பிறந்த ஆர்வமல்ல, பசி. வங்கப் பஞ்சம் முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. போர்க்காலத் தட்டுப்பாட்டைக் கண்ட அரசாங்கத்துக்கு, நிலத்தில் விளையாததைக் கடலில் எடுக்க முடியுமா என்ற கேள்வி இருந்தது. அதற்கு முதலில் கடலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். தலைமை ஏற்றவர் எச். சீனிவாச ராவ். முதல் இரண்டு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஒண்டியிருந்த நிலையம் 1949-ல் மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஏன் மண்டபம்? வரைபடத்தைப் பார்த்தாலே விடை தெரியும். ஒரு குறுகிய நிலநாக்கு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கே அமைதியாக இருக்கும். வாடைக்காற்றில் இது தலைகீழ். ஆக, ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு பக்கம் படகை இறக்கலாம். வடக்கே ஆழமில்லாத கடலும் அதில் பரந்த கடற்புல் தரைகளும். தெற்கே பவளத்திட்டுகள் சூழ்ந்த தீவுகள், சங்கு, முத்துச் சிப்பி. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு கடல்களைப் படிக்கக் கிடைக்கும் இடம் நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

விஞ்ஞானிகள் அதற்கு முன்பே இந்த இடத்தைக் கண்டுகொண்டிருந்தார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிய எட்கர் தர்ஸ்டனைத் தமிழர்களுக்குத் தெரியும். அதே தர்ஸ்டன் 1880-களில் ராமேஸ்வரத்துக் கடலில் நண்டும் நட்சத்திர மீனும் பொறுக்கியது பலருக்குத் தெரியாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். 1887-ல் ராமேஸ்வரத்தின் கடல் உயிரினங்களைப் பற்றி ஓர் அறிக்கையும், 1894-ல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அடுத்து வந்த ஜேம்ஸ் ஹார்னெல், மதராஸ் மீன்துறையில் இருந்தபடி சங்கு, முத்து, மீனவரின் படகு என்று எதையும் விடாமல் எழுதித் தள்ளினார். பாம்பனுக்குத் தெற்கே உள்ள குருசடைத் தீவில் மீன்துறைக்கு ஓர் உயிரியல் நிலையம் இருந்தது. 1927-ல் எஃப். எச். கிரேவ்லியும் மற்றவர்களும் சேர்ந்து அந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பட்டியலிட்டு அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பாடப்புத்தகத்தில் வருகிற பலனோகிளாசஸ் என்ற புழுவை உயிரோடு பார்க்க, தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் குருசடைக்கு வந்துபோனார்கள்.

கட்டுரையின் மையம் இந்தப் பட்டியல்கள்தான். படிக்கச் சலிப்பூட்டுபவை, பரிசு எதுவும் வாங்கித் தராதவை. ஆனால், மண்டபத்தின் நூறு ஆண்டு உழைப்பில் இன்றைக்கு விலைமதிக்க முடியாததாக நிற்பது அவைதான்.

1950-களில் நிலையத்தை நடத்தியவர் என். கேசவ பணிக்கர். பிற்பாடு பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் இந்தியப் பங்குக்குப் பொறுப்பேற்றவர் அவர்; 1966-ல் தேசிய கடலியல் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. அடுத்து 1957 முதல் 1970 வரை எஸ். ஜோன்ஸ். மண்டபத்தின் பொற்காலம் என்று ஒன்று இருந்தால் அது இவர் காலம். 1958-ல் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் இங்கே உருவானது. மறு ஆண்டு அதன் ஆய்விதழ் வந்தது. அது இன்றும் வருகிறது.

அந்த முதல் ஆண்டு இதழிலேயே ஜோன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார்: பிடித்துவைத்து வளர்க்கப்பட்ட இரண்டு ஆவுளியாக்களைப் பற்றி. கடல் பசு என்று புத்தகங்கள் சொல்லும் விலங்கைப் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி அது. வலையில் சிக்கினால் கறியாக்கி விற்ற காலம். நிலையத்தார் இரண்டை விலைக்குப் போகவிடாமல் கொண்டுவந்து, கடற்புல் போட்டுப் பத்தாண்டுக்கு மேல் காப்பாற்றினார்கள். எப்படி மேய்கிறது, எவ்வளவு தின்கிறது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வருகிறது என்பதை அருகிருந்து பார்க்க உலகில் அன்றைக்கு வெகுசிலருக்கே வாய்த்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் பட்டியலில் வைத்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடல் பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டதோ 2022-ல்தான். மண்டபத்து ஆவுளியாக்கள் செத்து அரை நூற்றாண்டு கழிந்துவிட்டிருந்தது.

ஜோன்ஸ் காலத்தின் உச்சம் 1969 ஜனவரி. பவளங்களையும் பவளத்திட்டுகளையும் பற்றிய கருத்தரங்கு மண்டபம் கேம்ப்பில் கூடியது. இன்று நான்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உலகின் பவள ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் திரளும் பன்னாட்டுப் பவளத்திட்டு மாநாட்டு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது இதுதான். இரண்டாவது ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) நடந்தது, மூன்றாவது மயாமியில். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முன்னால் அந்தப் பட்டியலில் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு ரயில் நிலையப் பெயர் நிற்கிறது. ராமநாதபுரத்தில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சொல்லித்தரப்படுகிறது என்பது வேறு கேள்வி.

அறிஞர்கள் பவளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே கடலில், பவளப்பாறை படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டது. சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடு ஆலைக்கும் அது மூலப்பொருள். வெட்டுவதை நிலையத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், எச்சரித்தார்கள். நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அவற்றில் இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் போயின. பவளம் வெட்டியதால் அலைத்தடுப்பு போனதே காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பட்டியலின் அருமை இங்கேதான் தெரிகிறது. மண்டபத்தில் பணியாற்றிய சி. எஸ். கோபிநாத பிள்ளை, இந்தப் பகுதியின் பவளங்களை 1960-களிலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டவர். 1986-ல் அவர் மன்னார் வளைகுடாவுக்குக் கொடுத்த கணக்கு 94 இனங்கள். இருபது ஆண்டு கழித்துத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் நீருக்கடியில் மூழ்கித் தேடி 117 இனம் என்றது. கூடியது கடலல்ல, தேடியவர்களின் எண்ணிக்கையும் கருவியும். பிள்ளையின் பட்டியல் இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது எது போயிற்று, எது தப்பிற்று என்று பெயர் சொல்லிக் கேட்க முடிந்ததும் இப்படிப்பட்ட பட்டியல்களால்தான்.

பவளத்துக்குப் பட்டியல் என்றால் மீனுக்கு அன்றாடக் கணக்கு. நிலையத்தின் பணியாளர்கள் தமிழகக் கரை நெடுக, ஏன், இந்தியக் கரை நெடுக, இறங்குதளங்களில் போய் நிற்கிறார்கள். எல்லாப் படகையும் எண்ண முடியாது. எந்தத் தளம், எந்த நாள், எத்தனை படகு என்பதைப் புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்து, கூடைகளை எண்ணி, மீனை இனம் பிரித்து, அளந்து, அதிலிருந்து மாதக் கணக்கைப் பெருக்கி எடுக்கிறார்கள். விடியற்காலைச் சேற்றில், ஏலச் சத்தத்துக்கு நடுவே செய்கிற வேலை. இந்த முறை 1950-களில் உருவாகத் தொடங்கியது. வளரும் நாடுகளில் இத்தனை நீண்ட, அறுபடாத கடல்மீன் கணக்கு அரிது. 1950-களின் தொடக்கத்தில் இந்தியக் கடல்மீன் பிடிப்பு சுமார் 5 லட்சம் டன். 2023-ல் 35 லட்சம் டன். ஏழு மடங்கு.

பெருக்கத்தில் பெரும் பங்கு இழுவைப் படகுக்கு. நார்வேயின் உதவியோடு கேரளத்தில் தொடங்கிய இந்திய - நார்வே திட்டம் 1960-களில் மண்டபத்துக்கும் வந்தது. இறால் டாலரானது. இழுவைமடி கடற்புல்லையும் அடித்தரையையும் வழித்துக்கொண்டு போவதை நாட்டுப்படகு மீனவர் முதலில் கண்டார்கள், கணக்கெடுப்பவர்கள் பிறகு எண்ணிக் காட்டினார்கள். 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். 2001-லிருந்து மீன் இனப்பெருக்கக் காலத் தடை. 2017-லிருந்து அது ஏப்ரல் 15 முதல் 61 நாள். தடையின் நாள்கள் சரியா என்று ஒவ்வொரு ஆண்டும் நடக்கிற சண்டைக்கும் இரு பக்கத்தாரும் இந்தக் கணக்கையே கையில் எடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து வந்த ஒரு வியப்பு: பேய்ச்சாளை. கேரளக் கரையின் மத்தி அது. 1980-களுக்கு முன் தமிழகத்தின் கிழக்குக் கரையில் அது அரிதாகவே கிடைத்தது. பிறகு கூடை கூடையாக வரத் தொடங்கியது; கடல் வெப்பம் கூடியதோடு சேர்த்து இதை விளக்குகிறார்கள். மீனவர் 'புதுசா வருது' என்று சொன்னதை எண்ணாகக் காட்டியது இறங்குதளத்துக் குறிப்பேடு.

1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே நிலையம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்திருந்தது. மண்டபம் வட்டார மையமாகச் சுருங்கிற்று. ஊர்க்காரர்களுக்கு அதில் மனக்குறை இருந்தால் வியப்பில்லை. பெரிய செய்திகளும் வேறு இடங்களிலிருந்து வந்தன: 1973-ல் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி செயற்கை முறையில் முத்து விளைவித்தார். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்திருந்தது. கடல் தராததை ஆய்வகம் தந்தது. ஆனால், ஜப்பானைப் போல ஒரு முத்துத் தொழில் இங்கே எழவில்லை. கண்டுபிடிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே முதலும் சந்தையும் வேண்டும், அதை விஞ்ஞானி கொண்டுவர முடியாது.

மண்டபம் மீண்டும் பேசப்பட்டது 2010 மார்ச்சில். கடல் விரால் என்கிற கோபியாவை நாட்டிலேயே முதல்முறையாக இங்கே முட்டையிடவைத்துக் குஞ்சு பொரித்தார்கள். மறு ஆண்டு சில்வர் பொம்பானோ. இன்று கடலில் கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர்கள் இங்கிருந்து குஞ்சு வாங்குகிறார்கள். பச்சைவரி இறால் குஞ்சுகளைப் பொரித்துப் பாக் நீரிணையில் விடும் வேலையும் நடக்கிறது.

இனி பாசி. கொங்கு நாட்டில், நொய்யல் கரையில் இருக்கும் சாமளாபுரத்திலிருந்து மண்டபம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊரில் விசைத்தறிச் சத்தம், சுற்றிலும் நூற்பாலை, கிழக்கே திருப்பூர். கடலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ரியாக்டிவ் சாயத்தில் பருத்தித் துணிக்குப் பிரிண்ட் போடுபவரிடம் கேட்டால் சொல்வார். சாயத்தைக் குழைக்கப் பசை வேண்டும். மாவுப்பசையில் குழைத்தால் சாயம் துணியை விட்டுவிட்டுப் பசையையே பிடித்துக்கொள்ளும். நிறம் மங்கும், துணி விறைக்கும். அதற்குத் தோதானது அல்ஜினேட். சாயத்தோடு சேராது, அலசினால் போய்விடும். இந்த அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரக் கரையில் அந்தப் பாசிகளுக்குக் கட்டக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் பெயர். ஜெல்லிக்கும் மருந்துக்கும் போகும் அகர் தருபவை மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும்.

எந்தப் பாசி எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு கிடைக்கும் என்பதை மண்டபத்தில் முதலில் முறையாகப் படித்தவர்களில் ஒருவர் பிரான்செஸ்கா திவி. பாசியியல் நாட்டில் வேரூன்றாத காலத்தில் கடலில் இறங்கிப் பாசி சேகரித்த பெண் விஞ்ஞானி. மண்டபத்தில் தொடங்கி, பிறகு பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அந்த நிறுவனத்துக்கும் மண்டபத்தில் ஒரு பாசி நிலையம் உண்டு. 1990-களில் அது கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற அயல் பாசியைத்தான் பின்னர் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வளர்க்கவைத்தது. கரையில் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயராகிவிட்டது. மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்த்த பெண்கள் குழுக்களுக்குக் கையில் காசு வந்தது. 2008-ல் அதே பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை மதுரை ஆய்வாளர்கள் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பரப்பிய நிறுவனங்கள் அபாயமில்லை என்றன, மற்றவர்கள் இருக்கிறது என்றார்கள். 2013-ஐ ஒட்டிப் பாசியே பெருமளவில் செத்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

தெப்பம் வருவதற்கு முன்பிருந்தே தீவுகளுக்குப் போய் மூழ்கிப் பாசி எடுத்துவரும் பெண்கள் இங்கே உண்டு. தேசியப் பூங்கா வந்ததும் அவர்கள் சட்டத்தை மீறியவர்கள் ஆனார்கள். விரட்டப்பட்டு, அபராதம் கட்டி, பேச்சுவார்த்தை நடத்தி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்றும் இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை என்றும் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. கடலை அறிந்தவர்கள் ஆய்வகத்துக்குள் மட்டும் இல்லை என்பதை ஆய்வகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது.

இப்போது எல்லாரும் பாசி பாசி என்கிறார்கள். 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டு மண்டபம் மையத்தைப் பாசி வளர்ப்புக்கான சிறப்பு மையமாக மத்திய அரசு அறிவித்தது. விதைப் பாசி இங்கிருந்து போகும். மீன் குஞ்சும் போகும். கூண்டு வடிவமைப்பும் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு சிக்கலும் இருக்கிறது. விதையைக் கொடுப்பவரே அந்த விதையால் கடலுக்கு என்ன ஆயிற்று என்று அளப்பவராகவும் இருந்தால், அளவில் அவருக்கே தெரியாமல் ஒரு சாய்வு வந்துவிடும். கப்பாபைகஸ் விவகாரம் கற்றுத்தந்தது அதைத்தான். மண்டபம் பாசி வளர்க்கட்டும். பாசி வளர்ந்த இடத்தின் பவளத்தையும் கடற்புல்லையும் அளக்க இன்னொரு நிறுவனத்தை, பல்கலைக்கழகத்தை, பாசி எடுக்கும் பெண்களையும் சேர்த்தே அமர்த்த வேண்டும்.

அளந்துவைக்காத நீருக்கு என்ன நேரும் என்பது கொங்கு நாட்டுக்குத் தெரியும். நொய்யலில் ஒருகாலத்தில் என்னென்ன மீன் இருந்தது என்று சாமளாபுரம் குளக்கரையில் கேட்டால், பெரியவர்கள் விரல்விட்டுச் சில பெயர்கள் சொல்வார்கள். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், வழக்குகள் நடந்ததும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அண்மைக் கதை. அந்த வழக்குகளில் எல்லாரும் பேசியது நீரின் உப்பைப் பற்றி. ஆற்றில் எத்தனை உயிர் போயிற்று என்று சொல்ல, முன்னொரு நாள் யாராவது கரையில் நின்று எண்ணியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் எண்ணியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பேடு நிற்காமல் இருக்க இறங்குதளக் கணக்கெடுப்பாளர்களின் பணியிடங்களில் ஒன்றுகூடக் காலியாகக் கிடக்கக் கூடாது. கூண்டு மீன் திட்டத்துக்கும் பாசிப் பூங்காவுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென்று எழுதி வைத்தாலே போதும். ஆண்டுதோறும் கொச்சியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் பிடிப்புக் கணக்கை, இறங்குதள வாரியாகப் பிரித்து, உள்ளூர் மீன் பெயர்களோடு தமிழில் அச்சிட்டு, பாம்பனிலும் தொண்டியிலும் உள்ள மீனவர் சங்கங்களின் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் பொறுப்பு நிலையத்துக்கு இருக்கிறது. கேட்டு வாங்கும் உரிமை, கடலுக்கு நாள்தோறும் போகிறவர்களுக்கு இருக்கிறது.